மாட்டின் மேல் உட்கார்ந்த மலை

1

ஓவிய வகுப்பு ஒன்றைக் கடந்து போகும்போது, உள்ளே ஓர் ஆள் தன் படத்துக்கு முன்னால் நின்று விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்தேன். எதற்கென்று கேட்க வெட்கப்பட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த வெட்கத்துக்குப் பிறந்த கதை இது.

'அந்தி வெயில் வயல்களின் மேல் தங்கத்தை உருக்கி...' வேண்டாம். இப்படித் தொடங்கினால் நானே படிக்கமாட்டேன்.

2

அவரைப் பேருந்து ஓட்டுநர் என்று வைத்துக்கொள்வோம். நோயில் ஒரு கண் போனது; கூடவே தூரமும் கிட்டமும் குழம்பிப் போயின. டம்ளர் என்று நினைத்து மேசையில் தண்ணீர் ஊற்றுவார். கைகுலுக்க வந்தவரின் மூக்கைத் தொடுவார். வேலை போய், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தவரை, தையல்கடை வைத்திருக்கும் மனைவி இந்த வகுப்புக்கு இழுத்து வந்தாள்.

(அழுமூஞ்சியாக எழுதத்தான் பார்த்தேன். ஆள் ஒத்துழைக்கவில்லை.)

3

முதல் படம்: வயல், மாடு, மலை.

"என்னங்க, மலை ஏன் மாட்டு முதுகுல ஏறி உக்காந்திருக்கு?" என்றாள் மனைவி.

"நடந்து களைச்சிருக்கும்."

ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். "தூரத்துல இருக்கறத வெளுப்பா, லேசா நீலமா போடுங்க. கிட்ட இருக்கற புல்லுக்குப் பெயின்ட்டக் கெட்டியா அப்பி, கத்தியால கீறுங்க. ஒண்ணு இன்னொண்ண மறைக்கட்டும்."

"அதெல்லாம் ரெண்டு கண்ணு இருக்கறவங்களுக்கும்மா."

"படம் தட்டைதானே சார்! எத்தன கண்ணால பாத்தாலும் அதுல ஆழம் கிடையாது. எல்லாம் கண்கட்டு வேலை."

4

மலையை வெளுப்பாக்கினார், பின்வாங்கியது. அடிவாரத்தை மரத்தால் மறைத்தார். இன்னும் தள்ளிப் போனது. புல்லை அப்பிக் கீறினார். காலில் குத்தும்போல எழுந்து நின்றது. தலைநிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே தெரு. கம்பம் சுவரை மறைத்தது, சுவர் மரத்தை மறைத்தது, கடைசிக் கூரை வெளுத்துக் கிடந்தது. எது எங்கே இருக்கிறது என்று உலகம் அவரிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது! திரும்பிப் படத்தைப் பார்த்தார். சிரிப்பு பீறிட்டது.

தூரிகை கழுவும் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்.

"பாதி உள்ள போச்சு! பாத்தியா, பாத்தியா!"

5

முடிவு. மறுநாளே அவர் பேருந்தை ஓட்டுவதாக எழுதினேன். அதில் ஏற எனக்கே துணிச்சல் இல்லை, கிழித்தேன். அவர் படத்துக்குப் பரிசு கிடைப்பதாக எழுதினேன். அடிக்க வந்துவிட்டார்.

இப்போது இருவரும் வகுப்புக்குப் பின்னாலுள்ள காலி மைதானத்தில், அவளுடைய ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்கிறார்கள்.

"சாவியக் குடு. ஒரே ஒரு ரவுண்டு."

"விழுந்தீங்கன்னா?"

"மண்ணுதானே!"

சாவியை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். பயம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள். அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, வாயாலேயே ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்.