வாடை எந்தப் பக்கம்?

ஜெர்மனியிலிருந்து தம்பி அனுப்பிய இரண்டாவது விளையாட்டுக் கசெற் வந்த அன்று, மரியரட்ணம் மனைவியிடம் ஒரு வார்த்தையைத் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டான்.

"மார்கிரட், இனி உந்தக் கீறலை அழிக்கலாம். இந்தப் புது விளையாட்டிலை வரைபடம் உள்ளுக்கையே இருக்கு."

மார்கிரட் தையல் மெஷினுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கீறல் என்று அவன் சொன்னது சீமெந்துத் தரையில் அவள் தையல் சோக்கால் வரைந்த, முதல் விளையாட்டின் நாடு. மீன்பிடிக்கத் தடை விழுந்து வள்ளம் குருநகர்க் கரையில் கவிழ்ந்து கிடந்த மாதங்களில், தம்பி அனுப்பிய கொம்பியூட்டர்தான் மரியரட்ணத்தின் கடல். ரீவியில் பூட்டி, கரண்ட் இருக்கிற மாலைகளில் வாள்வீரன் ஒருவனை நடத்துவான். வீரனுக்கு யாகப்பு என்று பெயர் வைத்தார்கள். முதலாவது விளையாட்டில் யாகப்புவுக்கு எதிரே இருப்பது மட்டும்தான் தெரியும். கீழே வடக்கைக் காட்டும் ஒரு ஊசி. விளையாட்டின் கைப்பிடி அவன் கையில், யாகப்பு போன வழியைத் தரையில் கீறும் சோக்கு அவள் கையில்.

"வாடைப் பக்கம் மூண்டு அடி போங்கோ. இனிக் கச்சானுக்குத் திரும்புங்கோ. சோளகத்துக்குப் போகாதையுங்கோ, அங்கைதான் பாம்பு!"

வடக்குக்கும் மேற்குக்கும் தெற்குக்கும் அந்த வீட்டில் காற்றின் பெயர்கள்தான். கடைசி அரக்கன் விழுந்த அன்று இரண்டு பேரும் சத்தம் போட்டதில் பக்கத்து வீட்டிலிருந்து அவனுடைய அக்கா லூர்த்தம்மா ஓடிவந்துவிட்டாள்.

இப்போது லூர்த்தம்மா வந்து பார்த்தால் மரியரட்ணம் தனியாகத் திரைக்கு முன்னால் இருந்தான்.

"என்னடா, பெட்டிக்குள்ளை வலை வீசுறியோ? உனக்குத் திசை சொல்லுற மண்டாடி எங்கை?"

"அவவுக்குத் தையல் வேலை, அக்கா. இதுக்கு ஆள் தேவையில்லை. பாருங்கோ, நிறமெல்லாம் எப்பிடி இருக்கு! குதிரை இருக்கு, பாட்டு இருக்கு, காயம்பட்டா மருந்து போட ஒரு சூனியக்காரி கூட வாறாள். முதலாவது இதுக்குக் கிட்டவும் வராது."

"சூனியக்காரி நல்ல வடிவுதான்," என்று மெஷின் பக்கமிருந்து குரல் வந்தது. "ஆனா முதல் யாகப்பு பொறுமைசாலி. விட்டிட்டுப் போனா விட்ட இடத்திலை நிப்பான். உந்தப் புது யாகப்புவுக்கு அடிக்கடி பசிக்குது. ஊரிலை இருக்கிற பஞ்சம் காணாதெண்டு பெட்டிக்குள்ளையும் சோறு தேட வேணும்."

லூர்த்தம்மா இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். "பஞ்சம் சோத்துக்கில்லைப் போலை," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவளுக்குப் புரிந்தது மரியரட்ணத்துக்குப் புரியவில்லை. திரையின் மூலையில் இருந்த சின்ன வரைபடம் தன் இடத்தைப் பிடித்துவிட்டதே என்பதுதான் மார்கிரட்டின் வலி. கூப்பிடாமல் போய் இருப்பதற்கும் அவளுக்கு மனமில்லை.

ஆனால் அந்த வாரம் முழுக்க யாகப்பு ஒரே காட்டுக்குள் சுற்றினான். வடக்கே கோட்டை இருக்கிறது என்று சூனியக்காரி சொல்லியிருந்தாள். இந்த விளையாட்டில் வடக்கைக் காட்டும் ஊசி இல்லை. மரியரட்ணமும் போனான், போனான், திரும்பத் திரும்ப அதே பாழ்கிணற்றடிக்கே வந்து சேர்ந்தான். பசியில் யாகப்பு விழுந்து செத்தான்.

"வாடைக்குத்தானே போறன்! பேந்தும் கிணறு!"

மெஷினின் சத்தம் நின்றது.

"இஞ்சருங்கோ, ஒருக்கால் வலப்பக்கம் திரும்புங்கோ."

திரும்பினான். மூலைப் படத்தில் மேலே இருந்த, யாகப்பு பயணம் தொடங்கிய கோபுரம் பக்கவாட்டுக்குப் போயிற்று.

"பாத்தியளோ? நீங்கள் திரும்ப அந்தப் படமும் சேந்து திரும்புது. நீங்கள் பாக்கிற பக்கமெல்லாம் மேல்பக்கம்தான். அதை வாடையெண்டு நினைச்சுப் போறியள்." மார்கிரட் இடுப்பில் கைவைத்தாள். "வாடை என்ன, உங்கடை முகத்தைப் பாத்தோ வீசுது?"

மரியரட்ணம் சின்ன வயதிலிருந்து கடலோடியவன், ஒரு வாரமாக வடக்கைத் தன் மூக்கு நுனியில் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறான். முதலில் வெட்கம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது, இந்த ஒரு வாரமும் பாயில் தன் பக்கத்து இடம் வெறுமையாகக் கிடந்ததும் அவனுக்குத் தெரிந்தது.

எழுந்து போய் மெஷின் லாச்சியைத் திறந்து சோக்குத் துண்டை எடுத்துவந்தான். தரையில் இடம் பிடிக்கப் பாயைச் சுருட்டினான். பாய்க்குக் கீழே பழைய நாடு முழுதாகக் கிடந்தது. பாம்பு இருந்த மூலைகூட அழியவில்லை.

"அழிக்கேல்லையே?"

"நீங்கள் சொன்னா நான் உடனை அழிக்கோணுமோ?"

அவன் சோக்கை அவள் கையில் வைத்தான். "கதவடி வரைக்கும் இடமிருக்கு. வெளிக்கிட்ட கோபுரத்திலையிருந்து வாடைக்குக் கீறு."

மார்கிரட் முழங்காலில் இருந்துகொண்டாள். "அப்ப, முதலாவதுதான் நல்லதெண்டு ஒத்துக்கொள்ளுங்கோ."

"இல்லை. ரண்டாவதுதான் நல்லது."

சோக்கு அந்தரத்தில் நின்றது. "இப்பவுமோ? ஏன்?"

மரியரட்ணம் கைப்பிடியை எடுத்துக்கொண்டு அவளுக்குக் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தான்.

"இது முதலாவதைவிடப் பெரிசு. முடிக்கக் கனகாலம் செல்லும்."