பேர் வெட்டின அண்டா

பாயையும் தலையணையையும் சாக்கில் திணித்த பூங்கோதை, கட்டிலுக்கடியில் கிடந்த பீங்கான் கப்பையும் அதற்குள் போட்டாள். காது கோணிய, டீக்கறை ஏறிய கப். செத்தவர் புழங்கியது எதுவும் வீட்டில் தங்கக்கூடாது. சாக்கின் வாயை இறுகக் கட்டிக் கணவன் தர்மராஜிடம் கொடுத்தாள்.

"பாடையோட எடுத்துட்டுப் போயி ஆத்துல போட்ருங்க."

கூடத்தில் சித்தி கமலம் கிடந்தாள். பூங்கோதையின் நாலு வயதில் பெற்றவள் செல்வநாயகி போய்ச் சேர, அந்த வருஷமே வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டு வேலையை முடித்துவிட்டு செராமிக் கம்பெனிக்குப் பொம்மைக்கு வர்ணம் பூசப் போய்க்கொண்டிருந்தவள். காலையில் சாவுச் செய்தி கேட்டுப் பெண்ணாடத்தில் பஸ் ஏறும்போதே பூங்கோதைக்கு ஒரே கவலைதான். சித்தி பெற்ற இளமதி பித்தளை அண்டாவைத் தூக்கிப் போய்விடுவாளோ? 'செல்வநாயகி' என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டின சீர் அண்டா. அம்மா என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் மிச்சம், ஒரு போட்டோகூடக் கிடையாது.

குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்க யாரோ அண்டாவை நகர்த்தியதும் ஓடிவந்து மறித்தாள்.

"எங்கம்மா அண்டா அது. பொணத்துக்கு வேணாம். பிளாஸ்டிக் கொடத்துல புடிங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளமதி குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

நாலு மணிக்குப் பாடை கிளம்பியது. வீட்டைக் கழுவிவிட்ட இளமதி கட்டிலுக்கடியில் குனிந்தாள்.

"என்னடி தேடற?"

"அம்மாவோட கப்புக்கா. காது கோணலா இருக்குமே. அண்டாவ நீங்க எடுத்துக்கோங்க, எனக்கு அது போதும்."

"கம்பெனியில கழிச்சுப் போட்டதுதானே அது?"

"இல்லக்கா, அம்மாவே செஞ்சது. அடியில ஆணியால பேரு கீறி சூளையில வெச்சு எடுத்தாங்களாம். இந்த வூட்டுல அவங்க பேரு போட்டது அது ஒண்ணுதான் இருக்குது."

பூங்கோதை இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. சொல்லாமலே இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

தர்மராஜ் ஈரவேட்டியோடு திரும்பியதும் வாசலுக்கு ஓடினாள்.

"மூட்டய என்ன பண்ணீங்க?"

"கரையிலேருந்து வீசிட்டேன். பாறையில பட்டு உள்ள என்னமோ ஒடஞ்ச சத்தம் கேட்டுது. ஏன்?"

திரும்பினால் பின்னால் இளமதி நின்றிருந்தாள்.

"நாந்தான்டி போட்டேன்" என்றாள் பூங்கோதை. "அண்டாவ நீயே எடுத்துக்க."

"அதுல எங்கம்மா பேரு இல்லியேக்கா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

பூங்கோதை அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் பேரை விரலால் தடவினாள். அவ்வளவு பழைய பித்தளை. ஆனால் பேரின் ஒரு புள்ளியில்கூடக் களிம்பு இல்லை. அண்டாவின் வளையத்தில் சித்தியின் சேலை ஊக்கு மாட்டியிருந்தது. அதன் முனையில் களிம்பின் பச்சை படிந்திருந்தது.