ஸ்பீக்கர் கிழியவில்லை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2003ஆம் வருடம், அம்பேத்கர் ஜெயந்தி அன்று மாலை, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மைதானத்தில், ஒரு பெண்ணின் முதல் பாட்டை நாற்பதாவது விநாடியில் நிறுத்தியவன் நான். இந்தக் கதையை எழுத வேறு காரணம் கிடையாது. அப்போது எனக்கு சவுண்ட் சர்வீஸில் வேலை. கதை எழுதுவதெல்லாம் பிறகு வந்த கெட்ட பழக்கம்.

ஆரம்பத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

உப்புக் காற்று வீசிய அந்தக் காலையில், ராயபுரத்தின் அலைகள்

(வேண்டாம். வடசென்னையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கடலில்தான் ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பெண் வேலை செய்த கடைக்கு ஜன்னலே இல்லை.)

2

அவள் பெயர் ரமாபாய். இருபது வயது. ராயபுரம் கல்மண்டபத்தில் ரஷீது பாய் நடத்திய பிரவுசிங் சென்டரில் வேலை. கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். அவள் எட்டுக்கே வந்து, ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு, மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் பாட்டு செய்வாள். ‘செய்வாள்’ என்பதை ‘இசையமைப்பாள்’ என்று திருத்தினேன். பிறகு பழையபடியே மாற்றிவிட்டேன். அவள் அப்படித்தான் சொல்வாள்.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியில் அந்த மென்பொருள் இருந்தது. டிரம் உண்டு, பாஸ் உண்டு, பெயர் தெரியாத ஓசைகள் நூறு உண்டு. ஆனால் டெமோ. செய்ததைச் சேமிக்க முடியாது, மூடினால் போச்சு. எனவே ஒவ்வொரு காலையும் ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கி, பத்து மணிக்குள் முடித்து, ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் இழுத்து டேப் ரிக்கார்டரில் பதிந்தாக வேண்டும். ஒரே பாட்டைப் பதினெட்டு நாள் செய்தாள். ஒருநாள் கரண்ட் போனது. ஒருநாள் ரஷீது பாய் சீக்கிரம் வந்துவிட்டார்.

(ரஷீது பாயைச் சிடுமூஞ்சி முதலாளியாக எழுதியிருந்தேன், கதைக்கு அது வசதி. உண்மையில் அவர், “இன்னாம்மா, ஒரே தாளமா கீது, மெஷின் ஹேங் ஆயிட்ச்சா?” என்று கேட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கடைசிவரை கேட்டார்.)

பத்தொன்பதாம் நாள் பாட்டு கேசட்டுக்குள் வந்துவிட்டது. வீட்டில் சின்ன டேப் ரிக்கார்டரில் போட்டுக் காட்டினாள். அவள் அம்மா சொக்கம்மாள், ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர், காதைச் சாய்த்து வைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

“பாட்டு எப்பமா ஸ்டார்ட் ஆவும்?”

“முட்ஞ்சிபோச்சிமா.”

3

ஜெயந்தி விழாவில் குடியிருப்புப் பெண்கள் அந்தப் பாட்டுக்கு ஆடுவதாக ஏற்பாடு. கேசட்டைப் போட்டேன். தாளம் நன்றாகத்தான் போனது. பிறகு அடியிலிருந்து ‘கர்ர்ர்’ என்று ஒரு முரட்டுச் சத்தம். அந்தச் சத்தத்தோடு மூன்று ஸ்பீக்கர்கள் செத்ததை நேரில் பார்த்தவன் நான். நிறுத்திவிட்டேன். ஆடிக்கொண்டிருந்த பெண்கள் தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் நின்றார்கள்.

ரமாபாய் மேடைக்கு ஓடி வந்தாள். “இன்னாத்துக்குண்ணா நிறுத்துன?”

“ஸ்பீக்கரு கிழிஞ்சிட்ச்சிமா. கர்ருனு வருது பாரு.”

“கிழியல. அதான் பாட்டு.”

பக்கத்தில் மைக் ஆனில் இருந்தது. மைதானம் மொத்தமும் சிரித்தது. அந்த வெட்கத்தில் கேசட்டை வெடுக்கென்று இழுத்தேன். நாடா உள்ளே சிக்கி, சேமியா மாதிரி வெளியே வந்து, அறுந்தது.

வேறு கேசட் இல்லை.

(இந்த இடத்தில் அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன், கன்னம், துளி, எல்லாம் போட்டு. அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். வேர்த்தது எனக்குத்தான்.)

“நாளிக்கு காலீல எட்டு மணிக்குக் கல்மண்டபம் வந்துடுண்ணா. பக்கத்துல குந்திகினு கேளு. எது பாட்டு, எது கிழிசல்னு கத்துக்க.”

4

போனேன். மனப்பாடமாக ஒவ்வொரு அடியையும் வைத்துக்கொண்டே போனாள், அரிசியில் கல் பொறுக்குகிற வேகத்தில். நான் என்னவெல்லாமோ சொன்னேன். ஒன்றே ஒன்றை ஏற்றுக்கொண்டாள்: அந்தக் ‘கர்ர்’ரை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவரலாம் என்றதை. முந்தின நாள் அதற்காகவே நிறுத்தியவன் சொல்கிறானே என்று சிரித்தாள்.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வெளியே பயோடேட்டா டைப் அடிக்க இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அதுவரை இருந்ததைப் பதிந்தாள். நான்கு நிமிஷம். பாட்டு பாதியில் பொட்டென்று நின்றது.

“முடிவு வைக்கலியே?” என்றேன்.

“டைம் இல்லண்ணா. வுடு.”

5

அந்த ஞாயிறு நாலரை மணிக்கு அதே மைதானத்துக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை நானே கொண்டுபோய் இறக்கினேன். விழா இல்லை, மேடை இல்லை. அதே பெண்கள் ஆடினார்கள். ‘கர்ர்’ வந்ததும் சொக்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஸ்பீக்கர் பெட்டிமேல் கை வைத்துப் பார்த்தார். வீட்டு ரிக்கார்டரில் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது.

“ஏய், இது எங்க ஐஸ் கம்பெனி மெஷின்டி!”

“ஆமாம்மா.”

“நாள்பூரா இத்தத்தான் கேக்கறேன். இங்கியும் வந்துட்ச்சா பேஜாரு?” என்றார். ஆனால் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

நான்காவது நிமிஷம் பாட்டு பொட்டென்று நின்றது. ஆடியவர்கள் திகைத்தார்கள். அப்போது சொக்கம்மாள் கைதட்ட ஆரம்பித்தார், அதே தாளத்தில். பக்கத்தில் ஒருத்தி பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் தட்டினாள். பிறகு எல்லோரும். ரமாபாய் நடுவில் நின்று, “இன்னும் ஸ்பீடா! இன்னும்!” என்று கத்தினாள்.

(பார்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்கள் இருவர், தங்கள் நடனக் குழுவுக்கு ஒரு பாட்டு செய்து தரச் சொன்னார்கள். அவளுக்கு வந்த முதல் வேலை அது.)

6

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் வெளிநாட்டு மேடையில் நிற்கிறாள். இன்னொன்றில் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ. மூன்றாவது சோகமானது, அதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். போனில் ரமாபாய்க்கே படித்துக் காட்டினேன்.

“நானே முடிவு வைக்கல, நீ எப்டிண்ணா வைப்ப?” என்றாள். பின்னால் ஏதோ தாளம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே மைதானத்துக்கே திரும்பிவிடுகிறேன். வெயில் சாய்ந்துவிட்டது. யாரும் நிறுத்துவதாகத் தெரியவில்லை. குடம் வைத்திருந்தவள் என் பக்கம் திரும்பி, “இன்னா பாத்துகினு நிக்கிற? தட்டு!” என்றாள்.

தட்டினேன். நீங்களும் புத்தகத்தைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு