ஐந்தாவது வயரும் ஆறு கோட்டுகளும்

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணிக்கு, ரோல்ஃப் டால்பெர்க் தன் வீட்டு ஹீட்டரைத் தானே நிறுத்தினான். வெளியே பதினான்கு பாரன்ஹீட். தண்ணீர் உறைய முப்பத்திரண்டே போதும். மீதிப் பதினெட்டு டிகிரியை அமெரிக்காவின் வடகோடி டுலூத் நகரம் தன் பங்குக்குக் குறைத்துக்கொண்டிருந்தது.

அவன் புத்தி பேதலித்து இதைச் செய்யவில்லை. கூடத்துச் சுவரில் வட்டமாக ஒரு பழைய தெர்மோஸ்டாட் இருந்தது. இடப்பக்கம் திருகினால் குளிரும், வலப்பக்கம் திருகினால் சுடும். இருபத்தாறு வருடமாக அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைக் கழற்றிவிட்டு, ஃபோனிலிருந்தே இயக்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை மாட்ட வேண்டும். ரோல்ஃப் நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வகுப்பில் இருந்தபடியே வீட்டைச் சூடாக்கலாம் என்று மனைவி கிர்ஸ்டனிடம் சொன்னான். வீட்டில் யாரும் இல்லாதபோது யாருக்காகச் சூடாக்குவது என்று அவள் கேட்டாள். இந்தக் கேள்விக்கான பதில் கூடவே வந்த கையேட்டில் இல்லை.

சிக்கல் தெர்மோஸ்டாட்டில் இல்லை, தேதியில் இருந்தது. அன்றைக்குத்தான் மதியம் இரண்டு மணிக்கு, தேவாலயத்தின் போர்வை தைக்கும் குழு அவர்கள் வீட்டில் கூடுவதாக இருந்தது. ஆறு பெண்கள். கிர்ஸ்டன் இந்த முறைக்காக மூன்று வருடம் வரிசையில் காத்திருந்தவள். தலைவி வெர்னா ஓஸ்ட்லண்ட் வீட்டுக்கு வீடு போய் உட்கார்ந்து, போர்வையோடு சேர்த்து அந்த வீட்டையும் எடை போடுகிறவள்.

இந்த ஊரில் ஒரு வீடு குளிர்ந்து கிடந்தால், குளிர்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். கழற்றலாமே என்றால், இருக்கட்டும், வசதியாகத்தான் இருக்கிறது என்பார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கூட்டம் நடக்காது. காரணம் கேட்டால் கார் நிறுத்த இடமில்லை என்பார்கள்.

"ரெண்டு மணிக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று கிர்ஸ்டன் காலையிலேயே கேட்டிருந்தாள்.

"நாலு வயரு. எண்ணிப் பாரு. நாலு."

"எண்ணுறதுல உன்னச் சந்தேகப்படல, ரோல்ஃப்."

அன்று எட்டு மணிக்கு, வாசலில் பனி தள்ளும்போது, பக்கத்து வீட்டு வெஸ் நியேமி வேலியோரம் வந்து நின்றான். வெஸ்ஸுக்கு ஹீட்டர் பழுதுபார்ப்பதுதான் தொழில். வந்து மாட்டித் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றான் ரோல்ஃப். தனக்கு அது ஐந்து நிமிஷ வேலை என்றான் வெஸ். பரவாயில்லை, உனக்கு லீவு நாள் என்றான் ரோல்ஃப். சொல்லிவிட்டு மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தான்.

காத்திருந்தது நியாயம்தான். இங்கே எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை மறுத்து, மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வதுதான் முறை. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு வருகிறவன்கூட முதல் காப்பியை வேண்டாம் என்பான், இரண்டாவதற்குப் பரவாயில்லை என்பான், மூன்றாவதற்கு அரைக் கப் போதும் என்று இரண்டு கப் குடிப்பான். ஆனால் வெஸ் மூன்றாவது தடவை கேட்கவில்லை. "சரி அப்போ" என்று உள்ளே போய்விட்டான். ரோல்ஃப் பனிவாரியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பத்து வருட அக்கம்பக்கத்தில் இப்படி ஒரு அநாகரிகத்தை அவன் கண்டதில்லை.

அதனால் தானே இறங்கினான். பழையதைக் கழற்றுமுன் ஃபோட்டோ எடுத்தான். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை. ஒவ்வொன்றிலும் அது எந்த எழுத்துப் போட்ட திருகில் மாட்டியிருந்ததோ அந்த எழுத்துச் சீட்டை ஒட்டினான். நாலும் நாலு நிமிஷத்தில் முடிந்தது. கிர்ஸ்டனைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று வாய் திறந்தபோதுதான், புதியதற்கு ஓயாமல் மின்சாரம் வேண்டும், அதற்கு ஐந்தாவதாக ஒரு வயர் வேண்டும் என்ற கையேட்டு வரி கண்ணில் பட்டது. சுவரின் ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினான். உள்ளே ஒரு நீல வயர், எதிலும் சேராமல், சுருண்டு படுத்திருந்தது. அதன் மறுமுனை வீட்டுக்கு அடியிலிருந்த அடித்தள அறையில், வீடு முழுவதையும் சூடாக்கும் ஹீட்டரின் வயிற்றுக்குள். இறங்கிப் போய், ஹீட்டரின் தகரக் கதவைத் தூக்கித் துணி துவைக்கும் எந்திரத்தின் மேல் சாய்த்துவிட்டு, நீல வயரைத் தேடிப் பிடித்து உரிய திருகில் முறுக்கினான். கதவை மூடவில்லை. ஏதாவது தப்பாகிவிட்டால் உடனே பார்க்கலாம் என்ற முன்யோசனை.

மின்சாரத்தைப் போட்டான். புதிய தெர்மோஸ்டாட் கன்னங்கரேலென்று இருந்தது. அதில் தெரிந்த ஒரே உருவம் ரோல்ஃபுடையது.

பதினொன்றரைக்குள் எல்லா வயரையும் மூன்று தடவை கழற்றி மாட்டிவிட்டான். வீடு ஐம்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. கிர்ஸ்டன் எலுமிச்சை கேக் வில்லைகளை அடுப்பிலிருந்து எடுத்துவிட்டு, அந்தச் சூடாவது பரவட்டும் என்று அடுப்பின் கதவை மட்டும் திறந்தே வைத்திருந்தாள்.

"வெஸ்ஸக் கூப்பிடேன்."

"ரெண்டு தடவதான் கேட்டான்."

வேறு ஊர்க்காரியாக இருந்தால் அதனால் என்ன என்று கேட்டிருப்பாள். கிர்ஸ்டன் இந்த ஊர்க்காரி. யோசித்தாள். "அப்போ நீயாப் போய்க் கேக்க முடியாதுதான். வெளிய போய் பனி தள்ளு. அவன் பார்க்கிற மாதிரி."

"காலைலயே தள்ளிட்டேனே."

"மறுபடி தள்ளு."

ரோல்ஃப் போனான். தள்ளுவதற்குப் பனி இல்லாததால், ஓரத்தில் குவித்திருந்ததை எடுத்து நடைபாதையில் போட்டு, அதையே திரும்பவும் ஓரத்துக்குத் தள்ளினான். இரண்டாவது சுற்றில் வெஸ் வெளியே வந்தான். கோட்டு, பூட்ஸ், கையில் கருவிப் பை. குப்பைத் தொட்டியைப் பார்க்க வந்தவன் போல அதன் மூடியைத் திறந்து மூடினான்.

"குளிருதான்" என்றான் வெஸ்.

"குளிருதான்."

"வீட்டுக்குள்ள எப்படிப்பா?"

"மோசமில்ல."

வெஸ், ரோல்ஃப் வீட்டுச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வெள்ளைக் குழாயைப் பார்த்தான். ஹீட்டர் ஓடினால் அதிலிருந்து வெண்மையாக ஆவி வரும். தெரு முழுக்க எல்லா வீட்டுக் குழாயிலும் வந்துகொண்டிருந்தது. "பத்து மணிலேர்ந்து பார்த்துட்டிருக்கேன்" என்றான். "உன் குழாய்ல மூச்சே இல்ல."

"பார்த்துட்டுத்தான் சும்மா இருந்தியா?"

"நாலாவது தடவ கேக்கிறது மரியாதையா இருக்குமா, ரோல்ஃப்? பிடுங்கல் ஆயிடாது?"

"நாலாவதா? ரெண்டுதானே கேட்ட."

வெஸ் கையுறையோடு விரலை நீட்டினான். இன்று காலை இரண்டு. நேற்று சாயங்காலம், ரோல்ஃப் காரிலிருந்து பெட்டியை இறக்கியபோது, கை கொடுக்கட்டுமா என்று கேட்டது ஒன்று. ஆக மூன்று. அது பெட்டியைத் தூக்குவதற்குக் கேட்டது, கணக்கில் சேராது என்றான் ரோல்ஃப். அந்தப் பெட்டியை ஒரு குழந்தை ஒற்றைக் கையால் தூக்கும், அதற்கா நான் கை கொடுப்பேன் என்றான் வெஸ். ரோல்ஃப் இதைக் கணக்கு வாத்தியாராக யோசித்துப் பார்த்தான். வாதத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஆனால் விட்டுக்கொடுத்தால் வெஸ் மூன்று தடவை கேட்டு முடித்தவன் ஆகிவிடுவான், உதவிக்கான கதவு அடைபட்டுவிடும். எனவே பிடிவாதமாக, ரெண்டுதான் என்றான்.

வெஸ்ஸுக்கு அது புரிந்திருக்க வேண்டும். வானத்தைப் பார்த்தான். "சரி. ரெண்டுன்னே வச்சுக்கோ. அப்போ நான் வரட்டுமா?"

"உனக்குச் சிரமமில்லேன்னா."

அடித்தளத்தில் வெஸ் ஹீட்டரின் முன் நின்று நீல வயரைப் பார்த்தான். திருகுகளைப் பார்த்தான். நல்ல முறுக்கு என்றான். பிறகு துணி துவைக்கும் எந்திரத்தின் மேல் சாய்ந்திருந்த தகரக் கதவைப் பார்த்தான். அதை ரொம்ப நேரம் பார்த்தான். தொழில்காரன் ஒருவன் வாய்விட்டுச் சிரிக்காமல் இருக்க என்னவெல்லாம் செய்ய வேண்டுமோ அதையெல்லாம் செய்தான்.

"சில ஹீட்டருக்கு" என்று மெதுவாக ஆரம்பித்தான், "கதவு சாத்தியிருந்தா பிடிக்கும்."

"ஓ."

"உள்ள ஒரு சின்ன பித்தான் இருக்கும். கதவு அத அழுத்தினாத்தான் கரண்ட்டே விடும். எல்லா ஹீட்டரும் அப்படின்னு சொல்லல."

கதவை எடுத்துப் பொருத்தி முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினான். டக். உள்ளே ஏதோ முனகி, கனைத்து, நெருப்புப் பிடித்தது. மேலே புதிய தெர்மோஸ்டாட் மணி அடித்தது.

"நானும் அதத்தான் அடுத்ததாச் செய்யலாம்னு இருந்தேன்" என்றான் ரோல்ஃப்.

"தெரியும். நான் வந்துதான் கெடுத்துட்டேன்."

இருவருமே இதை நம்பவில்லை என்றாலும், இருவருக்குமே இது திருப்தியாக இருந்தது.

அப்போது மணி பன்னிரண்டு நாற்பது. இரண்டு மணிக்கு வெர்னா வாசலில் பூட்ஸைத் தட்டும்போது வீடு அறுபத்தைந்தில் இருந்தது, சுகமான எழுபதுக்கு ஐந்து குறைவு. ஐந்து பெண்கள் உள்ளே வந்து வெர்னாவைப் பார்த்தார்கள். வெர்னா உட்கார்ந்தாள். கோட்டோடு. கிர்ஸ்டன் கழற்றச் சொல்லவில்லை. சொன்னால் காரியம் கெட்டுவிடும். காப்பியை ஊற்றி, துணித் துண்டுகளைப் பரப்பி, பச்சையை ஓரத்தில் வைக்கலாமா என்று பேச்சைத் தொடங்கினாள். பச்சை நல்லதுதான் என்றாள் வெர்னா. சொல்லிக்கொண்டே மேல் பித்தானைக் கழற்றினாள். இரண்டாவதையும் கழற்றினாள். பத்து நிமிஷத்தில் ஆறு கோட்டுகளும் படுக்கையறைக் கட்டிலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

மூன்று மணிக்கு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று வெர்னா கேட்டாள். கிர்ஸ்டன் சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டைப் பார்த்தாள். எழுபத்தாறு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எவ்வளவு சூடாக வேண்டும் என்று காட்டும் இலக்கு எண், யாரும் தொடாமலே எழுபத்தெட்டிலிருந்து எழுபத்தொன்பதுக்கு ஏறியது.

ஒரு தட்டில் நாலு எலுமிச்சை வில்லைகளை வைத்துக்கொண்டு அடித்தளத்துக்குப் போனாள். ரோல்ஃப் கடைசிப் படியில், ஹீட்டரைப் பார்த்தபடி, கையில் ஃபோனோடு உட்கார்ந்திருந்தான்.

"மேல எல்லாருக்கும் போதுமான சூடு இருக்கான்னு பார்த்தேன்" என்றான்.

கிர்ஸ்டன் கையை நீட்டினாள். அவன் ஃபோனைக் கொடுத்தான். அவள் தட்டைக் கொடுத்தாள்.