செத்த பிறகும் பேசிய அரக்கன்

சிங்கப்பூர் எல்லையோரம் இருக்கும் தம்போய் தேவாலயத்தின் குடும்ப விழாவுக்கு ஒரு பழைய இத்தாலியப் படம் போடுவதென்று முடிவானது. வாள், தோல்செருப்பு, சட்டையில்லாத பலசாலி, குகையில் ஒற்றைக்கண் அரக்கன் என்று எல்லாம் அதில் உண்டு. படத்தின் சத்தத்தை நிறுத்திவிட்டு மேடையோரம் உட்கார்ந்து நாமே தமிழில் பேசலாம் என்றவள் எலைன். வசனமும் அவளே எழுதினாள். இளவரசி அவள்தான். பலசாலிக்குக் குரல் தேவாலயப் பாடகர் குழு ஸ்டானிஸ்லாஸ். அவள் புருஷன் ரேமண்டுக்கு அரக்கன்.

"நான் மட்டும் ஏன் அரக்கன்?"

"வீட்டுல உறுமுறீங்கதானே? பழகின வேலைலா," என்று சிரித்தாள்.

ரேமண்டுக்குச் சுருக்கென்றது. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவன் உறுமாமல் பாட்டா பாடுவான்? அதைவிட வயிற்றெரிச்சல், இருந்தது இரண்டே மைக். அரக்கனுக்கு ஒன்று, காதலர்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. மூன்று வாரம் ஒத்திகை. ஸ்டானிஸ்லாஸ் அவள் தோளை இடித்துக்கொண்டு, "உனக்காக மலையையே பிளப்பேன்" என்பான். அந்த ஆளால் ஒரு அரிசி மூட்டையைத் தூக்க முடியாது! எலைன் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை ரேமண்ட் வீட்டில் கேட்டு எத்தனை வருஷமாயிற்று?

விழாவன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. திரையில் பலசாலி பாறையைத் தூக்கி எறிந்தான். அரக்கன் விழுந்தான். ரேமண்ட் ஒருமுறை அலறிவிட்டு மைக்கைக் கீழே வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் வேலை. பலசாலி கையை நீட்டினான்.

"என்னோடு வந்துவிடு, இளவரசி," என்று ஸ்டானிஸ்லாஸ் குழைந்தான்.

எலைன் பதில் சொல்ல மைக்கை நெருங்கினாள். ரேமண்டுக்குப் பொறுக்கவில்லை.

"போகாத, எலைன்!" என்று செத்த அரக்கன் கத்தினான். "அவன்கூட போகாத. நீ இல்லாம நான் என்ன செய்வேன்?"

மண்டபம் கூரை அதிரச் சிரித்தது.

"அலமாக், ஐயய்யோ, செத்தவன் பேசுறான்!" என்று பின்வரிசையில் யாரோ கூவினார்கள். பாதிரியாரே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று ரேமண்டுக்குத் தெரியவில்லை.

எலைன் சிரிக்கவில்லை. திரையில் இளவரசி பலசாலியின் கையைப் பிடித்துக்கொண்டு வாயை வாயை அசைத்தாள். ஸ்டானிஸ்லாஸ் முழங்கையால் இடித்துப் பார்த்தான். எலைன் எழுந்து வந்து அரக்கனின் மைக் சுவிட்சை அணைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இருபது வருஷமா வீட்டுல இதை ஒரு வாட்டி சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மெல்ல. "இதைக் கேக்க நான் ஒரு படமே போட வேண்டியிருக்கு."