எழுபத்து மூன்றாவது வீடு

ஜப்பானில், ஹினோசே என்ற எங்கள் ஊரில், எங்கள் சாமிக்கு எழுபத்து மூன்று வீடுகள். எழுபத்திரண்டு ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். அந்த ஒன்று எய்சாகுவின் வீடு. அவர் தாத்தா காலத்து வெள்ளத்தில் ஆறு தன் இஷ்டத்துக்குத் திரும்பிப் போனது. வீடு நின்ற இடத்திலேயே நின்றது. எய்சாகு இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை குப்பையைக் காரில் வைத்துக்கொண்டு, ஒன்பது கிலோமீட்டர் சுற்றிப் பாலமேறி வந்து, எங்கள் ஊர்க் குப்பைக்கூண்டில்தான் போடுவார். பக்கத்து ஊர்க் குப்பைக்கூண்டு அவர் வாசலிலிருந்து இருபதடி.

அக்டோபர் திருவிழாவில் சாமிப் பல்லக்கு எல்லா வீட்டு வாசலுக்கும் போக வேண்டும். பாலம் பக்கத்து ஊர்ச் சாமியின் எல்லைக்குள் இருக்கிறது. எங்கள் சாமி அங்கே கால் வைக்காது. ஆகவே எய்சாகு வீட்டுக்கு மட்டும் தொடையளவு தண்ணீரில் இறங்கித் தூக்கிப் போவோம். போன வருஷம் டோஃபு கடைக்காரர் வழுக்கி விழுந்து முழங்காலில் மூன்று தையல்.

ஊர்ச் சங்கத் தலைவர் இகுமா, நகராட்சி அலுவலகத்தில் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"தோமியே, இந்த வருஷம் ஆத்தைத் தாண்டாம விடலாமான்னு ஒரு வார்த்தை கேட்டு, வீடு வீடா அறிவிப்புப் பலகையை விடும்மா. யாரும் ஒத்துக்க மாட்டாங்க. கேட்டோம்னு இருக்கட்டும்."

"ஒத்துக்க மாட்டாங்கன்னா எதுக்குங்க கேக்கணும்?"

"டோஃபு கடைக்காரர் கால்ல தையல் போட்டிருக்கே. கேக்கலைன்னா மரியாதையா இருக்காது."

எழுதினேன். 'இவ்வருடம் ஆற்றைக் கடப்பதைத் தவிர்க்கலாம் என்று கருதப்படுகிறது. மறுப்பிருந்தால் தெரிவிக்கவும்.' இருபத்து மூன்று வருஷ உத்தியோகத்தில் நான் எழுதிய மிக மோசமான இரண்டு வாக்கியங்கள் இவைதான்.

பலகை வீடு வீடாகப் போனது. படித்தவர் தன் பெயர் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். முதலில் தலைவர் குத்தினார், பார்த்தேன் என்பதற்கு. தலைவரே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்து டோஃபு கடைக்காரர் குத்தினார். தன் காலுக்காகத்தான் இதெல்லாம் என்று அவருக்கு அவமானம் வேறு. இரண்டு முத்திரையைப் பார்த்து மூன்றாவது வீடு. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் குத்தினேன். என் ஒருத்தியால் பலகை நிற்கிறதென்று தெருவில் பேசுவார்களே!

எழுபத்திரண்டும் முடிந்து, எய்சாகுவிடம் நானே காரில் கொண்டுபோனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

"திருவிழா அன்னைக்குத்தான் இந்த வாசல்ல நாப்பது ஈரக் காலு நிக்கும்" என்றார்.

"மறுப்பு இருந்தா எழுதுங்கண்ணே."

"எல்லாரும் குத்தியாச்சு. நான் ஒருத்தன் எழுதினா எழுபத்திரண்டு வீட்டுக்கும் தொந்தரவு."

நேராக, அழகாகக் குத்தினார். கிளம்பும்போது ஆறு சீமைப் பனிச்சம்பழம் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

திருவிழா காலை. கோயில் முன்னால் பல்லக்கைச் சுற்றி நின்றோம். தலைவர் குரல் கொடுத்தார். தூக்கினோம். பல்லக்கு அசையவில்லை. மறுபடி தூக்கினோம். டோஃபு கடைக்காரருக்கு எங்கோ 'கடக்' என்றது. பல்லக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

"எத்தனை பேரு?" என்றார் தலைவர்.

"பத்தொன்பது."

"எப்பவும் இருபதாச்சே?"

வராதவர் எய்சாகு. எங்கள் வழக்கப்படி, சாமி வராத வீட்டு ஆள் பல்லக்கைத் தொடக் கூடாது. அந்த வழக்கத்தை எய்சாகு ஒருவர்தான் யோசித்துப் பார்த்திருக்கிறார்.

"போய்க் கூப்பிடுவோம்" என்றேன். ஆற்றைத் தாண்டுவது சிரமம் என்று முத்திரை குத்திய பத்தொன்பது பேரும் வெறுங்கையோடு ஆற்றில் இறங்கினோம்.

எய்சாகு வாசலில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தார். சொட்டச் சொட்ட நின்ற எங்களைப் பார்த்தார்.

"பாலம் இருக்கே?"

"தோணலைண்ணே" என்றேன். உண்மையாகவே தோன்றவில்லை.

"ஒரு ஆள் குறையுது எய்சாகு. சாமி கோயிலை விட்டுக் கிளம்பலை" என்றார் தலைவர்.

"நான் தொடலாமா?"

"நான் பார்த்தேன்னுதான் குத்தினேன்" என்று தலைவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "நீங்க குத்தினதால நான்" என்றார் டோஃபு கடைக்காரர். மற்றவர்கள் இருமினார்கள். எய்சாகு உள்ளே போய்த் திருவிழாச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

இருபது பேர் தூக்கியதும் பல்லக்கு எழுந்தது. எழுபத்திரண்டு வாசலுக்கும் போனோம். கடைசியாக ஆற்றங்கரைக்கு வந்தோம். எய்சாகு முன்வரிசையில் இடது கொம்பைப் பிடித்திருந்தார். அந்தக் கொம்பு திரும்பும் பக்கம்தான் பல்லக்கும் திரும்பும். அவர் கோயில் பக்கம் திருப்பப் பார்த்தார்.

"எய்சாகு, அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கே" என்றார் தலைவர்.

"முடிவு பண்ணியாச்சுங்க. நானும் குத்தியிருக்கேன்."

முடிவை மாற்ற இன்னொரு பலகை எழுதி, எழுபத்து மூன்று வீட்டுக்கும் விட்டு, முத்திரை வாங்க வேண்டும். அதுதான் முறை. அது என் வேலை. நான் கடைசி வரிசையில், எய்சாகுவுக்கு நேர் பின்னால் நின்றேன்.

தோளைக் கொம்பில் அழுத்தி ஆற்றுப் பக்கம் தள்ளினேன்.

என் பக்கத்தில் நின்றவரும் தள்ளினார். எய்சாகுவின் கால் தண்ணீரில் இறங்கியது.