துளிக்குள் எந்தக் கூட்டம்?

"கோடிப் புண்ணியம் ஒனக்கு, தாயி. நீ நல்லா இருக்கணும்."

லேப் ஜன்னல் வழியே ஆனந்தவள்ளி கையெடுத்துக் கும்பிட்டபோது, ஜெபமலருக்குச் சுருக்கென்றது. இன்னும் எதுவுமே செய்யவில்லையே!

தென்காசியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் லேப் டெக்னீசியன் ஜெபமலர். மாடியில், ஐ.சி.யு.வில் கிடப்பவன் ஆனந்தவள்ளியின் ஒரே மகன் இசக்கிதுரை. இருபத்திரண்டு வயது. அடுத்த மாதம் போலீஸ் பயிற்சிக்குப் போக வேண்டியவன். நேற்றுக் காலையில் தலைவலி, மதியம் காய்ச்சல், அப்புறம் கழுத்து விறைப்பு. இன்று சனிக்கிழமை நண்பகல், பெற்றவளையே அடையாளம் தெரியவில்லை.

மூளைக்காய்ச்சல். முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர் கலங்கலாக இருந்தது. வெள்ளணுக்கள் எக்கச்சக்கம், சர்க்கரை குறைவு. பாக்டீரியாவின் வேலை என்றுதான் யாரும் சொல்வார்கள். டாக்டர் ஞானபாக்கியம் அதற்கான மருந்தை நேற்று மாலையே ஏற்றிவிட்டார். பையன் மோசமாகிக்கொண்டேதான் போனான்.

சாயம் போட்டுப் பார்த்த சிலைடில் ஒரு பாக்டீரியாகூட இல்லை. அதுதான் ஜெபமலரை உறுத்தியது.

வராந்தாவில் இசக்கிதுரையின் கூட்டாளி பென்னி சுவரோடு சுவராக நின்றான். அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, போன வாரம் எங்கயாச்சும் குளிச்சீங்களா?"

"ஞாயித்துக்கெழம எண்ண மசாஜ் பண்ணிட்டு, குத்தாலம் மெயின் அருவியில குளிச்சோம்க்கா. அது மூலிகத் தண்ணில்லா? அதுல என்ன வரப்போவுது?"

"எத்தன மணிக்கி?"

"பத்து... பத்தரை இருக்கும்."

ஜெபமலர் அவனையே பார்த்தாள். அதே ஞாயிறு, அதே பத்து மணிக்கு, அவளும் கணவன் ஏசுதாசனும் அங்கேதான் இருந்தார்கள். வெள்ளம் வந்து, தண்ணீர் அருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ, போலீஸ் விசில் அடித்து எல்லாரையும் விரட்டியது. நாள் முழுக்கத் தடை.

"பொய் சொல்லுதியே தம்பி. அன்னைக்கு அருவியில ஒரு ஆள் குளிக்கல. எங்க வீட்டுக்காரரு மசாஜ் பண்ணின எண்ண வடிய வடிய பஸ்ஸுல வந்தாரு, பக்கத்துல ஒருத்தன் நிக்கல. நீங்க எண்ணயக் கழுவ எங்க போனிய?"

பென்னி வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"குத்துக்கல்வலசை தாண்டி ஒரு பழைய கல்வெட்டாங்குழி மழத்தண்ணி தேங்கிக் கெடக்குக்கா. நாந்தான் கூட்டிட்டுப் போனேன். அங்கன எறங்க மாட்டோம்னு அவன் அம்மா, அத்தைகிட்ட சத்தியம் பண்ணியிருக்கோம். அதான் சொல்லல."

"தண்ணி எப்படி இருந்துச்சு?"

"பாசி புடிச்சு, வெதுவெதுன்னு. நான் கரையில நின்னு மோந்து ஊத்திக்கிட்டேன். அவன் மேலயிருந்து தலகீழா டைவ் அடிச்சான். தண்ணி மூக்குல ஏறிட்டுலேன்னு சிரிச்சான்."

மூக்கு!

நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. ஜெபமலர் எழுந்த வேகம் அப்படி.

மீதி நீர் டியூபில், அறைச் சூட்டிலேயே இருந்தது. நல்லவேளை, யாரும் பிரிட்ஜில் வைக்கவில்லை; குளிரில் அசைவு நின்றுபோகும். இந்தமுறை சாயம் கிடையாது. சாயம் போட்டால் உள்ளே இருப்பது செத்துப்போகும். ஒரே ஒரு துளி. சிலைடை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

வெள்ளணுக்கள். வெள்ளணுக்கள். வெள்ளணுக்கள்.

ஒன்று நகர்ந்தது.

உடம்பின் ஒரு பக்கம் விரல் போலப் பிதுங்கியது. மிச்ச உடம்பு விறுவிறுவென்று அந்த விரலுக்குள் வழிந்தது. வெள்ளணுவுக்கு இந்த வேகம் ஏது?

"மேடம், ஓடி வாங்க!"

ஞானபாக்கியம் குனிந்து பார்த்தார். நிமிர அரை நிமிஷம் ஆனது.

"அமீபா."

"பாக்டீரியான்னுதானம்மா சொன்னிய?" வாசலில் ஆனந்தவள்ளி.

"அது வேற கூட்டம்மா" என்றார் டாக்டர். "இது தேங்கின வெதுவெதுப்பான தண்ணியில இருக்கும், மூக்கு வழியா மூளைக்கு ஏறிடும். பாக்டீரியாவுக்கு உட்கருன்னு ஒண்ணு கெடையாது, இதுக்கு இருக்கு. ஆனா இது செடியுமில்ல, காளானுமில்ல, விலங்குமில்ல. புரோட்டிஸ்டான்னு தனிக் கூட்டம். நாங்க குடுத்த மருந்து பாக்டீரியாவோட சுவரை ஒடைக்கும். இதுக்குச் சுவரே இல்லியே!"

"எந்தக் கூட்டமாவும் இருந்துட்டுப் போவட்டும். எம்புள்ள மண்டைக்குள்ள அதுக்கு என்ன சோலி? வெரட்டி விடுங்கம்மா!"

விரட்டும் மருந்து கேரளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தது. டாக்டர் போனில் பேசி முடிக்குமுன் பென்னி பைக்கை உதைத்துவிட்டான். செங்கோட்டை, புளியரை, கொட்டும் சாரலில் மலைப்பாதை. எல்லை தாண்டி ஆரியங்காவு செக்போஸ்ட்டில், அந்த ஆஸ்பத்திரி அனுப்பிய காரிலிருந்து மருந்துப் பெட்டி கைமாறியது. ஐந்தே முக்காலுக்கு முதல் மருந்து குழாய் வழியே உள்ளே போனது.

"பிழைக்கிறது அபூர்வம்" என்றார் டாக்டர், மறைக்காமல்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆறாம் நாள் இசக்கிதுரை கண்ணைத் திறந்தான்.

"யம்மா, பசிக்கி."

வீட்டுக்குப் போகும் நாளில், குற்றாலத்திலிருந்து ஒரு பை மங்குஸ்தானோடு லேபுக்கு வந்தாள் ஆனந்தவள்ளி. ஜெபமலர் வாங்கிக்கொண்டாள்.

"நான் பாத்தது ஒரு துளி ஆச்சி. அவன் வாயத் தெறக்கலன்னா அதையும் பாத்திருக்க மாட்டேன்" என்று வராந்தாத் தூணைக் காட்டினாள்.

தூணுக்குப் பின்னால் பென்னி. இத்தனை நாளும் அத்தை கண்ணில் படாமலே மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஓடியவன்.

"ஏலே பென்னி! வாலே இங்கன."

கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் வந்தான். ஆனந்தவள்ளி ஒரு பழத்தை உடைத்து, வெள்ளைச் சுளையை அவன் வாயில் ஊட்டினாள்.

"உண்மையச் சொல்லி எம்புள்ளயத் தந்தியே, மவராசா. நீ நூறு வருசம் இருக்கணும்லே."

பென்னி வாயில் சுளையோடு அழுதான்.

"சவத்துப் பயலுவளா, இனிமே எண்ணயோடயே வீட்டுக்கு வாங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. "நான் வெந்நி வச்சுத் தாரேன்."